கிளிக்கு மூக்கு வந்த கதை

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. அஞ்சாம் வகுப்போடு சரி. மறதியும் வந்துவிட்டது. முன்னே பின்னே சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். நான் கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த புதுசு. என் வீட்டுக்காரருக்குத் தறி வேலை. ஆடி மாதம், குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்கள் வீட்டுச் சுவரும் ஈரமாகிவிடும். ஆவணி பிறந்ததும் என் நாத்தனாருக்குக் கல்யாணம், மாப்பிள்ளை செங்கோட்டை. எங்கள் வீட்டில் பெண்ணுக்குக் கடைச் சேலை எடுக்கிற வழக்கமே இல்லை. சொந்தத் தறியில் நெய்ததைக் கட்டித்தான் அனுப்ப வேண்டும். கரை முழுக்கக் கிளி வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோத்து அதில் சுற்றி வரும். ஓட்டை இருக்கிற இடத்தில் கொக்கி நூலைத் தூக்கும், அப்படித்தான் பூவோ கிளியோ உருவாகும். சாரல் ஈரத்தில் ஒரு கொக்கி துருப்பிடித்து இறுகிவிட்டது. கிளியின் மூக்கு நுனியைத் தூக்குகிற கொக்கி அது. முதலில் சோதனைக்கு நெய்த துண்டில் எல்லாக் கிளியும் மொட்டை முகத்தோடு நின்றன.

"என்ன மைனி, இது கிளியா, கோழிக்குஞ்சா?" என்று நாத்தனார் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதுவிட்டாள். பெட்டி பழுது பார்க்கிறவரோ கல்யாணத்துக்குப் பிறகுதான் வர முடியும் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

"மூக்கறுந்த கிளியோட பிள்ளைய அனுப்புனா சம்பந்தி வீட்டுல என்ன பேசுவாக?" என்று மாமியார் தலையில் கை வைத்துவிட்டார்கள்.

நான் நாலு பேர் முன்னால் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் நூல் கட்டும்போது கவனித்திருந்தேன், வரிசைக் கடைசியில் சில கொக்கிகள் வேலையில்லாமல் சும்மா நிற்கும். என் வீட்டுக்காரரிடம் மெல்லச் சொன்னேன்: "கெட்டது கெடக்கட்டும். மூக்கு நூல அவுத்து அந்தச் சும்மா கொக்கியில கட்டுவோமா? அட்டையில அதுக்கு நேரா ஓட்டை போட்டாப் போதும்லா?"

அவர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏட்டி, போட்டுத்தான் பாரேன்."

மூக்கு வருகிற அட்டைகளை மட்டும் கழற்றி ஓட்டை போட்டேன். நெய்து பார்த்தால் கிளிக்கு வாலில் மூக்கு! அட்டையைப் புரட்டிப் போட்டு, வலது இடது மாற்றி அடித்திருக்கிறேன். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. தப்பான ஓட்டைகளைக் காகிதம் ஒட்டி அடைத்தேன். அந்த ஈரத்தில் பசை காயுமா? அடுப்போரம் அடுக்கிக் காயவைத்து, சரியான பக்கத்தில் மறுபடி ஓட்டை போட்டேன்.

அவர் தறியை மிதித்தார். நாங்கள் குனிந்து கரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வந்துட்டு மைனி, மூக்கு வந்துட்டு!" தறிச் சத்தத்தையும் மீறிக் கத்திவிட்டு, நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டாள்.

செங்கோட்டையில் சம்பந்தி வீட்டுப் பெண்கள் கரையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒரு குறை சொல்ல முடியவில்லை. துருப்பிடித்த கொக்கி மட்டும் அசையாமல் பெட்டியிலேயே இருந்தது, அதை யார் கேட்டார்கள்!

கொக்கி, அட்டை பற்றி எழுதியதில் பிசகு இருந்தால் தறி தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். பயந்து பயந்து அன்றைக்கு நான் வாய் திறந்தது வீண்போகவில்லை என்பதை நினைத்தால், இந்த வயசிலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.