மருந்து விமானம் கொட்டிய தண்ணீர்

"பங்குனியில் கல்வராயன் மலையில் பிடித்த தீயை பயிருக்கு மருந்தடிக்கும் எங்கள் விமானம் தண்ணீர் கொட்டி அணைத்தது." அந்த விமானத்துக்கு மெக்கானிக்காக இருந்த என் மாமாவின் கடிதம் இது. ஆண்டு எழுதிய மூலை கிழிந்திருக்கிறது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காகச் சின்னசேலம் சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பேருந்து நிற்கிறது. இறங்கிப் பக்கத்திலுள்ள பழைய ஓடுதளத்துக்கு நடக்கிறேன். மாமாவின் விமானம் ஏறி இறங்கிய இடத்தில் வேர்க்கடலை காய்கிறது.

காயைக் கிளறும் முனியன் என்பவரிடம் விமானத்தைப் பற்றிக் கேட்கிறேன்.

"நான்தாங்க அதுல கொடங்கொடமா தண்ணி ரொப்புனேன். மலைக்காரங்க பூச்சிமருந்துன்னு பயந்து, நெருப்ப வுட்டுட்டு மாட்ட ஓட்டிக்கினு ஓடுனாங்க."

அவர் மனைவி சிரிக்கிறார். "கல்யாணம் ஆன நாளா இதே கதைதாங்க. ஊர்ல ஒருத்தரும் நம்பல."

பையிலிருந்து மாமாவின் கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டுகிறேன். விமானமும் ஓடிய மாடுகளும் அதில் இருக்கின்றன.

"அதுல எம் பேரு கீதுங்களா?" என்று கேட்கிறார் முனியன்.

"'உள்ளூர் இளைஞன் ஒருவன் குடத்தால் நிரப்பினான்' என்று இருக்கிறது."

மனைவியின் சிரிப்பு நிற்கிறது. "அத இன்னொரு வாட்டி படிங்க" என்கிறார்.

சாலையில் கிடந்த மரத்தை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டார்கள். நடத்துநர் விசிலடிக்கிறார். நான் மறுபடி படிக்கிறேன்.

அந்த இளைஞன் முனியன்தானா என்பது உறுதியாகவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள மாமா உயிரோடு இல்லை.