மறக்காதவர்கள் எங்கே?

எண்பதுகளின் கடைசியில், மன்னவனூர் ஆட்டுப் பண்ணையில் ஆடுகளின் வம்சாவளி எழுதும் அதிகாரி ஒருவரைச் சந்தித்தேன். காதிடுக்கில் பென்சில், ஸ்வெட்டர் முழுக்க ஆட்டு ரோமம். எதைக் கேட்டாலும் கட்டம் போட்டுப் பார்த்துத்தான் பதில் சொல்வார்.

என் அப்பாவுக்கு அல்சைமர். அதற்கு ஒரு ஜீன் காரணமாக இருக்கலாமென்று பேப்பரில் படித்ததிலிருந்து எனக்கு நடுக்கம். மூக்குக் கண்ணாடியைத் தேடினாலே, "ஆரம்பிச்சிருச்சு!" என்று அலறுவேன். மறதிக்கார உறவினர் ஐந்து பேரைப் பட்டியலிட்டு அந்த அதிகாரியிடம் ஓடினேன்.

"மறக்காதவங்க எங்க சார்?" என்று கேட்டார்.

"அவங்க எதுக்குங்க?"

"செத்த குட்டிய மட்டும் எழுதுனா என் மந்தையே சீக்கு மந்தைதான். எல்லாரையும் போடுங்க. அந்த ஜீனை இன்னும் ஆராஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. நீங்க வெரசா தீர்ப்பே எழுதிட்டீங்க!"

போட்டேன். முதலில் அடுக்கம் கிராமத்து அத்தை. எண்பத்தெட்டு வயதிலும், இரண்டாம் வகுப்பில் நான் டவுசரை நனைத்த கிழமையைச் சொல்வார். அப்படிப்பட்டவர்களே பக்கத்தை நிரப்பிவிட்டார்கள்.

"இவங்கள்லாம் கொஞ்சம் மறந்தாத்தான் சார் உங்களுக்கு நல்லது" என்று சிரித்தார்.

அந்த அதிகாரியின் பெயர் இப்போது நினைவில்லை. ஆனால் அதற்காக நான் அலறவில்லை. ஒருவேளை அன்று நான் பெயரைக் கேட்கவே இல்லையோ என்னவோ.