தொட்டியில் கிடந்த வாழைத்தண்டு

கோய் என்ற அலங்கார மீன் வளர்க்க என் தோட்டத்தில் சீமெந்துத் தொட்டி கட்டிய மேசன் செல்வராஜ், வேலை முடிந்ததும் வாழைத்தண்டை வெட்டி அதற்குள் போட்டார்.

"குப்பை போடவா தொட்டி கட்டினோம்?" என்று கத்தி, நானே அதைத் தூக்கி எறிந்தேன். அவர் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நேற்று தண்ணீர் நிரப்பி ஆறு மீன் விட்டேன். இன்று காலை ஆறும் செத்து மிதந்தன.

கட்டுகஸ்தோட்டை மீன் கடைக்காரர் சொன்னார்: "புதுச் சீமெந்துல காரம் இருக்கும் டீச்சர். வாழைத்தண்டு போட்டு ஊற வச்சாத்தான் போகும். மேசன் சொல்லலியா?"

நான் சொல்ல விட்டால்தானே.

மன்னிப்புக் கேட்க செல்வராஜுக்குப் போன் எடுத்தேன்.

"மீன் விட்டாச்சா டீச்சர்? ஞாயித்துக்கெழம புள்ளைங்கள கூட்டிக்கிட்டு பாக்க வர்றேன்."

"வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

யாரிடமாவது வாழைத்தண்டு இருந்தால் அனுப்புங்கள். கொஞ்சம் தைரியம் இருந்தால் அதையும் சேர்த்து.