அப்பா அராவிய கடைசிச் சாவி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அப்பாவின் மூத்த மகள் எழுதுகிறேன். அப்பா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்தப் பக்கங்களுக்கு முதலில் சித்தப்பாதான் ஒரு கட்டுரை எழுதித் தந்தார். ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர் என்று அதில் ஒரு வரி. நல்ல நடைதான், ஆனால் அதை அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பாவோடு வேலை பார்த்த சசி மாமனுக்கு அப்பா செய்தது இந்த மலரில் வராவிட்டால் வேறெங்கும் வரப்போவதில்லை. அப்பாவின் நல்ல குணங்களையும் சொல்லத்தான் போகிறேன். அவையும் பொய்யல்ல.

அப்பா பிறந்தது வள்ளியூருக்குப் பக்கத்தில், ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாக. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ரயிலேறி மலையாளச் சீமைக்குப் போய்த் தம்பானூரில் இறங்கி, சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தே போனாராம். அங்கே இரும்புக்கடை வைத்திருந்த ஊர்க்காரர் ஒருவர், கடைக்குப் பின்னாலிருந்த பட்டறையில் சேர்த்துவிட்டார். தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி செய்யும் வேலை. இயந்திரம் என்று எதுவும் கிடையாது. இரும்புத் துண்டை வைஸ் பிடியில் இறுக்கி, அரத்தால் அராவி, கட்டைவிரல் நகத்தை அதன் மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் எங்கே தட்டுகிறதோ அங்கே இன்னும் ஓர் இழுப்பு. அந்தக் காலத்தைப் பற்றி அப்பா பெருமையடித்து நான் கேட்டதில்லை. பசிதான் ஞாபகத்தில் இருக்கிறது என்பார்.

பிறகு ஐ.டி.ஐ. முடித்து, நகரத்துக்கு வெளியே பம்பு பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பிட்டராகச் சேர்ந்தார். அந்த வேலை மாறிய விதம் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய சட்டையை வைத்துத்தான். நான் சிறுமியாக இருந்தபோது சட்டையில் இரும்புத்தூள் இருக்கும், அம்மா உதறாமல் வீட்டுக்குள் விடமாட்டாள். லேத்துக்கு மாறியதும் எண்ணெய்க் கறை. அடுத்து வந்தது தானியங்கி லேத். வருஷம் முழுக்க ஒரே பாகத்தைச் செய்துகொண்டிருக்கும். வேறு பாகம் வேண்டுமென்றால் இரண்டு நாள் பிரித்து மாட்ட வேண்டும். அப்புறம் கம்ப்யூட்டர் வைத்த இயந்திரம். கடைசியில் ரோபோ. நான்கு இயந்திரங்களுக்கு நடுவில் ஒற்றைக் கை. காலையில் பம்பு மூடி, மதியம் வேறெதற்கோ ஒரு தாங்கி என்று கேட்டதையெல்லாம் செய்யும். வேலை மாறினால் கருவியையும் தானே மாற்றிக்கொள்ளும். அப்பாவின் சட்டை அன்றிலிருந்து போட்டது போட்டபடி வெள்ளையாகத் திரும்பி வந்தது. அம்மாவுக்கு அதில் ஏக சந்தோஷம்.

ஒவ்வொரு மாற்றத்திலும் பாதிப்பேர் வேலையிழந்தார்கள். அப்பா இழக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ராத்திரி வகுப்புக்குப் போய் கம்ப்யூட்டர் கற்றார். வேலை போனவர்கள் வீட்டுக்கு அரிசி வாங்கிக்கொண்டு போனார். இது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

சசி மாமன் வித்துராக்காரர், மலையாளி. அப்பாவிடம் தமிழ் பேசிப் பேசி எங்களைவிட நன்றாகப் பேசுவார். ரோபோப் பிரிவில் பாகங்களைத் தட்டில் அடுக்கி வைப்பது அவர் வேலை, மேற்பார்வை அப்பா. ரோபோவைச் சுற்றி நெஞ்சளவு கம்பி வேலி, அதில் ஒரு கதவு. கதவோடு பொருத்திய தட்டைச் சாவி ஒன்று கதவு நிலைச் சட்டத்தின் பள்ளத்தில் போய் உட்கார்ந்தால்தான் ரோபோ நகரும். கதவைத் திறந்தால் சாவி வெளியே வந்துவிடும், எல்லாம் நின்றுவிடும்.

அப்பாவுக்கு இதுதான் தொல்லையாகிப் போனது. வேலை மாறும்போதெல்லாம் முதல் துண்டை எடுத்து நகத்தை ஓட்டிப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. திரையில் அளவு சரியாகத் தெரிந்தாலும் போதாது. கதவைத் திறந்தால் ரோபோ நிற்கும். திரும்ப ஓட வைக்கக் கால் மணி நேரம் ஆகும். எத்தனை முறை நின்றது என்பது மேலே அலுவலகத்தில் தெரியும், கேள்வி வரும். அதனால் அப்பா ஒரு காரியம் செய்தார். வீட்டில் உட்கார்ந்து, அந்தக் கதவுச் சாவி மாதிரியே ஒன்றை அரத்தால் அராவி எடுத்தார். பள்ளத்தில் அதைச் செருகிவிட்டால் கதவு திறந்திருந்தாலும் ரோபோ ஓடிக்கொண்டே இருக்கும். தனியாக இருக்கும்போது மட்டும் செருகுவார், வேலை முடிந்ததும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். யாருக்கும் தெரியாது. எந்த இயந்திரம் வந்தாலும் கற்றுக்கொண்ட மனிதர், சாலைப் பட்டறையில் கற்றதை வைத்தே இந்த இயந்திரத்தை ஏமாற்றினார்.

ஒருநாள் சாவி பள்ளத்தில் இருந்தபோது மேனேஜர் கூப்பிட்டார் என்று அப்படியே மேலே போய்விட்டார். உள்ளே ஒரு பாகம் சிக்கிக்கொண்டது. சசி மாமன் வந்து பார்த்தார். கதவு திறந்து கிடந்தது, ரோபோவும் அசையாமல் நின்றது. பழைய இயந்திரங்கள் நின்றால் நின்றதுதான். இது அடுத்த துண்டுக்காகக் காத்திருந்தது. அவர் சிக்கியதை எடுத்ததும் அது நகர்ந்தது. அவருடைய வலது கையை முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவர் அப்பா. அவசர பட்டனை அடித்து, சசி மாமனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆட்கள் கூடும் முன்பே சாவியையும் எடுத்துவிட்டார். விசாரணையில் அப்பா, தான் வரும்போது கதவு சாத்தியிருந்தது, சசி வேலியைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும் என்றார். அப்பா சொன்னால் மறுபேச்சு இருந்ததில்லை. கவனக்குறைவு என்று எழுதி சசி மாமனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அப்பா பொன்னாடை போர்த்திக்கொண்டு ஓய்வு பெற்றார். அந்தப் படம்தான் இந்த மலரின் அட்டையில் இருக்கிறது.

சசி மாமன் வித்துரா சந்தையில் லாட்டரிச் சீட்டு விற்கிறார். அதற்குப் பிறகும் ஒவ்வோர் ஓணத்துக்கும் நேந்திரங்காய் வறுவலோடு எங்கள் வீட்டுக்கு வருவார். அப்பா அன்று மட்டும் சரியாகச் சாப்பிட மாட்டார். வயிறு சரியில்லை என்பார். நாங்களும் நம்பினோம்.

சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில்தான் என்னிடம் சொன்னார்.

"அவன் வேலி சாடலம்மா. சாவி என்னோடது. டூல் பெட்டிக்கு அடியில துணி சுத்தி வச்சிருக்கேன்."

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கோபமாகவே கேட்டேன். சாகக் கிடக்கிறவரிடம் கோபப்பட்டது தப்புதான், ஆனால் கோபம் வந்தது.

"ஓணத்துக்கு ஓணம் சொல்லணும்னு இருப்பேன். அவன் வந்து சிரிப்பான். நாக்கு எழும்பாது."

இரண்டு நாளில் போய்விட்டார். சாந்திகவாடம் சுடுகாட்டில் சசி மாமன் ஒரு மூலையில் நின்று அழுதார். என்னைப் பார்த்ததும், தன்னால்தான் அப்பாவின் பிரிவுக்குக் கெட்ட பெயர் வந்தது, அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை என்றார். எனக்கும் அன்று நாக்கு எழும்பவில்லை. நான் அப்பாவின் மகள்தானே.

மலர் வேலை தொடங்கியபோது அம்மாவிடம் சொன்னேன். "போன மனுசனை இனி நாலுபேர் பேசணுமா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள். மறுநாள் அவளே டூல் பெட்டியைத் திறந்து, துணிப் பொட்டலத்தை என் பையில் வைத்தாள்.

வித்துராவுக்கு பஸ்ஸில் போனேன். சசி மாமனிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். இடது கையில் வாங்கி, கட்டைவிரல் நகத்தை அதன் மேல் ஓட்டிப் பார்த்தார்.

"கதவு திறந்து கிடந்ததாத்தான் எனக்கு ஓர்மை, மோளே. பட்சே கதவு திறந்தா அது நிக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. உங்க அப்பாவும் சொன்னாரு. அப்போ நான் சாடித்தான் போயிருக்கணும்னு நானும் நம்பிட்டேன். என் பெண்சாதி இன்னைக்கும் அதைச் சொல்லித்தான் ஏசுவா."

மலரில் எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதணும். மலையாளத்திலயும் வேணும், அவ வாசிக்கணும். திவசத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே."

கூப்பிடவில்லை. இன்று அவர் இந்தக் கூட்டத்தில் இல்லை. இந்த ஓணத்துக்கும் வர மாட்டார்.

அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பாடையைச் சுமந்த தெருக்காரர்களுக்கும், என்மேல் கோபம் தீராவிட்டாலும் அச்சுப்பிழை பார்த்துத் தந்த சித்தப்பாவுக்கும், அம்மாவுக்கும் என் நன்றி. சசி மாமனுக்கு நன்றி சொல்லும் தகுதி எங்கள் குடும்பத்துக்கு இல்லை. அவர் கேட்டதைக் கீழே தமிழிலும், கடைசிப் பக்கத்தில் மலையாளத்திலும் அச்சிட்டிருக்கிறேன்.

சசி வேலி தாண்டவில்லை. கதவு திறந்திருந்தது. திறந்து வைத்தவர் எங்கள் அப்பா.