டால்டா டின்களும் உப்புச் சாடியும்

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு பெரியம்மா பேச்சை எடுத்துவிட்டாள். அம்மாவின் அக்கா, பெரியதாழையிலிருந்து வந்திருந்தாள்.

"மழக்காலத்துல பொம்பள இல்லாத வீட்டுல சின்னது கெடந்து சீரழியணுமா? கல்லறத் திருநாளுக்கு வருவேன். வீடு வீடா இருந்தா விட்டுட்டுப் போறேன். இல்லன்னா என்கூடக் கூட்டிட்டுப் போயிருவேன்."

"அப்ப நான் யாரு பெரியம்மா?"

"நீ காலேசுக்காரி."

சின்னது என்றது என் தங்கையை. நாலாம் வகுப்பு. நான் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தேன். தங்கையை அனுப்புவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அம்மா போன நாளிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. வேலை வந்தது. ஒன்றை முடித்தால் அடுத்தது எங்கே என்று கை தேடும்.

வாடைக் காற்று எழுந்துவிட்டால் அப்பா மீன்பிடிக்கப் போகும் வல்லம் கரையேறிவிடும். ஐப்பசி, கார்த்திகை முழுக்க வீட்டில் இருப்பதை வைத்துத்தான் ஓட்டவேண்டும். அதனால் அம்மா புரட்டாசியிலேயே அடுக்களையை ஒட்டிய அறையை நிரப்பிவிடுவாள். நான் அவளையும் மிஞ்சிவிடப் பார்த்தேன். ஆழ்வார்திருநகரிப் பக்கத்துப் புழுங்கல் அரிசி, சாத்தான்குளத்துக் கருப்பட்டி, சாளைக் கருவாடு ஓலைப்பெட்டி நிறைய, வத்தல், புளி, கொத்தமல்லி, அடுப்புக்குப் பனைமட்டையும் சிரட்டையும். தெரிந்த வீடுகளிலெல்லாம் டால்டா டின் கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்து, தாளில் பெயர் எழுதி மைதாப் பசையால் ஒட்டினேன். தங்கை பசையை நக்கிப் பார்த்து முகம் சுளித்தாள். அப்பா வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பார். "இது போதுமாப்பா?" என்றால் தலையை ஆட்டுவார். எதைக் கேட்டாலும் அதே ஆட்டல்தான்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின சாயங்காலம் பெரியம்மா நனைந்துகொண்டு வந்தாள். தலையைத் துவட்டும் முன்பே அறைக்குள் போனாள். அரிசிக்குள் கையை விட்டாள். கருவாட்டை முகர்ந்தாள்.

"அடேயப்பா! அண்ணாச்சி கடை கெட்டுது போ. ஏளா, கெட்டிக்காரிதான் நீ."

தங்கை என் கையைப் பிடித்து நசுக்கினாள். இங்கேயே இருந்துவிடுவாள் என்று எண்ணிக்கொண்டேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. இன்னொரு டின் நிறைந்தது போல இருந்தது.

கஞ்சியும் தேங்காய்த் துவையலும் வைத்தேன். பெரியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தாள். நானும் குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏளா, உப்பு எங்க?"

அடுக்களைக்குப் போய் உப்புச் சாடிக்குள் கையை விட்டேன். விரலில் ஈரம்தான் பட்டது.

"தீந்துட்டு போல."

"எப்பத் தீந்துது?"

எனக்குத் தெரியவில்லை. தங்கைதான் சொன்னாள்: "அது எப்பவோ தீந்துட்டு பெரியம்மா. நான் கருவாட்டுப் பெட்டியில கிள்ளித் தொட்டுக்குவேன்."

"ஏன்ளா சொல்லல?"

"அப்பாவும் அக்காவும் பேசாமத் தின்னாங்க. அவங்களுக்கு அப்பிடித்தான் வேணும்னு நெனச்சேன்."

எங்கள் ஊரில் உப்பை வாங்கிச் சேர்க்கவேண்டிய பொருளாக யாரும் நினைப்பதில்லை. போகிற வழியெல்லாம் குவிந்து கிடக்கும். மழைக்கு முன்னால் உப்பளத்துக்காரி ஒருத்தி கூடையோடு தெருவில் கூவிக்கொண்டு வருவாள். அம்மா எழுந்து போய்ச் சாடியை நிரப்பிக்கொள்வாள். அந்த வருஷமும் வந்திருப்பாள். கூவியிருப்பாள்.

பெரியம்மா என்னைத் திட்டவில்லை. அப்பாவிடம் திரும்பினாள். "தம்பி, நீங்களாவது ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

அப்பா கஞ்சிக் கும்பாவைக் குனிந்து பார்த்தார். "உப்பு இல்லையா?" என்று கேட்டார்.

பெரியம்மா எழுந்துபோய்த் தங்கையின் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நேரே பஸ் ஏறப் போனோம். தங்கையின் பையில் கருப்பட்டி வைத்துக் கட்டினேன்.

"கிறிஸ்மசுக்குக் கொண்டாந்து விடுதேன்," என்றாள் பெரியம்மா. "அதுக்குள்ள அப்பனும் மவளும் நாக்கு எங்க போச்சுன்னு தேடிக் கண்டுபிடிங்க."

பஸ் கிளம்பியபோது தங்கை ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "அக்கா, உப்பு வாங்கு," என்றாள்.

திரும்பும் வழியில் உப்புக் குவியல்களை ஓலையால் மூடியிருந்தார்கள். ஓலை மேல் மழை பெய்துகொண்டிருந்தது. கடையில் அண்ணாச்சி சிரித்தார்: "என்ன தாயி, உப்புக்கு எங்கிட்ட வந்துட்ட?" வாங்கிவந்து சாடியின் வாய்வரை கொட்டினேன்.

அன்று பொழுது சாய்ந்ததும் இரண்டு பேருக்குக் கஞ்சி வைத்து, உப்பை அள்ளிப் போட்டேன். அப்பா ஒரு வாய் குடித்தார். கும்பாவைக் கீழே வைத்தார்.

"உப்பு கூடிப்போச்சு," என்றார்.

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்து மிச்சத்தையும் குடித்தார். நானும் குடித்துப் பார்த்தேன். எனக்கு நேற்று மாதிரியேதான் இருந்தது. மறுநாள் அப்பா சொன்னதை வைத்துக் கொஞ்சம் குறைத்துப் போட்டேன்.