கிளி போட்ட பேண்ட்

அந்தக் காகிதத்தில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். அச்சு மை முழுதாகக் காய்வதற்குள் எட்டாக மடித்து வார இதழின் நடுப்பக்கத்தில் செருகியிருப்பார்கள். பிரித்து விரித்தால் மதுரை அவனியாபுரத்தில் எங்கள் வீட்டு நடு அறை நிறைந்துவிடும், தாண்டித்தான் அடுப்படிக்குப் போக வேண்டும். முழுக்கோடு ஒரு அளவு, விட்டுவிட்டுப் போட்ட கோடு ஒரு அளவு, புள்ளிக்கோடு இன்னொரு அளவு என்று மூன்று உடம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும் அந்தத் தாளின் மூலையில் ‘பெண்களுக்கான கால்சட்டை, இலவச இணைப்பு’ என்று போட்டிருந்தது. தொண்ணூறுகளின் பிற்பாதி அது. நான் பதினொன்றாம் வகுப்பு. இணைப்பைக் கொடுத்தவள் என் வகுப்புத் தோழி ஹேமா. அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டுக்குள் வேறு மொழி பேசுவார்கள், இதழ் மட்டும் தமிழில் வாங்குவார்கள். “எங்க வீட்டுல இத யாரும் தைக்க விட மாட்டாங்கடி, நீயாவது தச்சுப் போடு” என்று என் பைக்குள் திணித்தாள். எங்கள் வீட்டில் மட்டும் விடுவார்கள் என்று அவள் எதை வைத்து நினைத்தாளோ, தெரியவில்லை.

எனக்கு அந்த பேண்ட் அழகுக்காகத் தேவைப்படவில்லை. கணக்கு டியூஷனுக்கு வில்லாபுரம் வரை சைக்கிளில் போய்வருவேன். ஒருநாள் பாவாடை செயினில் சிக்கி, வண்டியோடு நடுரோட்டில் விழுந்தேன். பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர்கள் எல்லாம் வெளியே ஓடி வந்தார்கள். முட்டியிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்து நான் கிடக்கிறேன், ஒரு ஆள் குனிந்து, “பாவாடையக் கீழ இழுத்து விடு ஆத்தா” என்கிறார். ரத்தத்தை யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது பெரியப்பா தீர்ப்பைத் தயாராக வைத்திருந்தார்: “பொட்டப் பிள்ளைக்கு சைக்கிள் எதுக்கு? அதான் சேர் ஆட்டோ ஓடுதுல்ல?” அந்த ஆட்டோவில் இரண்டு ஆண்களுக்கு நடுவே நசுங்கி உட்கார்ந்து போவது எப்படியிருக்கும் என்பதை நான் அவரிடம் எந்த வாயால் சொல்ல முடியும்?

பெரியப்பா என்பவர் அப்பாவின் அண்ணன். பைபாஸ் ரோட்டில் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். அப்பா அங்கேதான் வேலை பார்த்தார். ஒரே காம்பவுண்டில் அவர்கள் வீடு முன்னால், எங்கள் வீடு பின்னால். எங்கள் வீட்டில் எது நடக்கலாம், எது நடக்கக் கூடாது என்பது முன்வீட்டில் முடிவாகும்.

துணியை விளக்குத்தூண் பக்கம் ஒரு ‘கட்பீஸ்’ கடையில் வாங்கினேன். நடைபாதையில் மலைபோலக் கொட்டிக் கிடந்த துண்டுத் துணிகளுக்குள் கையை விட்டு இழுத்தபோது மஞ்சள் நிறத்தில் பச்சைக் கிளிகள் பறக்கிற துணி ஒன்று வந்தது. ஜன்னல் திரைக்காக நெய்தது. கடைக்காரரே, “இது ஸ்கிரீன் துணிம்மா” என்று எச்சரித்தார். பரவாயில்லை என்று வாங்கிவிட்டேன். அதுவரை எனக்கு எடுத்த துணியெல்லாம் அழுக்குத் தெரியாத நிறம், எடுத்துக்காட்டாத நிறம், வயசுக்கு ஏத்த நிறம் என்று மற்றவர்கள் எடுத்தது. எனக்கென்று நானே எடுத்த முதல் துணி அது.

அம்மாவிடம் காலால் மிதிக்கிற தையல் மெஷின் ஒன்று இருந்தது, அவள் கல்யாணத்துக்கு வந்தது. இரண்டு வீட்டுக்கும் ரவிக்கை, பாவாடை, தலையணை உறை எல்லாம் அவள்தான் தைப்பாள். நான் தாளைத் தரையில் விரித்து, துணியைப் போட்டு, குண்டூசி குத்தி, கோட்டின் மேலேயே வெட்டினேன். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு, இடுப்புக்கு இலாஸ்டிக். கவட்டை வளைவைத் தைக்கும்போது மூன்று முறை பிரித்தேன். அம்மா அடுப்படியிலிருந்தே, “வளைவுல துணிய இழுக்காத, அது போற போக்குல விடு” என்று சொன்னாளே தவிர, ஏன் தைக்கிறாய் என்று கேட்கவில்லை. முடித்துப் போட்டுப் பார்த்தால் ஒரு காலில் கிளிகள் பறக்கின்றன, இன்னொரு காலில் தலைகீழாகத் தொங்குகின்றன. துணிக்கு மேல் கீழ் பார்க்க வேண்டும் என்று அந்தத் தாளில் போடவில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பக்கவாட்டில் வைத்திருந்த பையில் கையை விட்டேன். என் உடுப்பில் எனக்கென்று ஒரு பை. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் கை அங்கேயே இருந்தது.

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு டியூஷனுக்குப் போனேன். ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஓட்டி வந்தவளுக்கு, இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சைக்கிள் ஓட்டும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். மேட்டில் எழுந்து நின்று மிதித்தேன். தெருவில் சிரித்தார்கள். “ஏத்தா, ஜன்னலக் கழட்டிட்டு வந்துட்டியா?” என்று ஒருவர் கேட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியே இருக்க மாட்டேன்.

மிச்சத் துணி கிடந்தது. பெரியப்பா மகன் செல்வம் அண்ணன் அப்போது காலேஜ் முடித்துவிட்டு, வற்றிய கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தது. “எனக்கு ஒரு டிரவுசர் தச்சுத் தாயேன்” என்று கேட்டது. அதே தாளில் முழங்கால் வரை அளவெடுத்து, அதே கிளித் துணியில் தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு அண்ணன் தெருவழியே நடந்து போனபோது முன்வீடே வாசலுக்கு வந்தது. பெரியம்மா, “கடையில எடுத்த மாதிரி அம்புட்டு அம்சமா இருக்கு” என்றார். பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, “கைவேலை சுத்தமாத்தான்டி இருக்கு” என்றார். நான் நின்றது அவருக்கு முன்னால், கிளி பேண்ட்டோடு. என் இடுப்புக்குக் கீழே அவர் பார்க்கவில்லை, பார்த்த மாதிரியும் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வாரமே கொடியில் காயப்போட்ட பேண்ட் காணாமல் போனது. காற்றில் பறந்ததோ என்று காம்பவுண்டுக்கு வெளியே முள்செடிக்குள்ளெல்லாம் தேடினேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டதற்கு, “போனாப் போகுது, விடு” என்றார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னதை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு இரண்டு வீட்டுப் பெண்களும் சுண்டல், பொரி, பழத்தட்டோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போவது வழக்கம். லாரிகளுக்கு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். ஒரு மெக்கானிக் அண்ணன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சந்தனம் வைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த துணியில், கிரீஸுக்கு நடுவே, ஒரு பச்சைச் சிறகு தெரிந்தது. என் பேண்ட்டைக் கால் வேறு இடுப்பு வேறாகக் கிழித்து வேஸ்ட் துணிக் குவியலில் போட்டிருந்தார்கள். அந்த அண்ணனுக்கு அது என்னவென்றே தெரியாது. “முதலாளி கொண்டாந்து போட்டாருமா” என்றார்.

நான் நேராகப் பெரியப்பாவிடம் போனேன். “என் பேண்ட்டை ஏன் கிழிச்சீங்க?”

பழத்தட்டை வாங்கிக்கொண்டிருந்தவர் திரும்பினார். “பொம்பளப் பிள்ளைக்குக் காலு ரெண்டா தெரியணுமாக்கும்? நாலு பேரு என்னையக் கேக்குறான்.”

“எனக்கு ரெண்டு காலுதான பெரியப்பா இருக்கு.”

அடித்தார். அத்தனை பேருக்கும் முன்னால், சந்தனம் ஈரமாக இருந்த கையால். கன்னத்தில் சந்தன வாசத்தோடு நான் நின்றேன். செல்வம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டது. அப்பா ஒரு லாரியின் முன்வீலுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை, அடுத்த வீலுக்குப் போனார். அம்மா சுண்டல் பாத்திரத்தைப் பிடித்தபடி என் பக்கத்தில் நின்றாள். பெரியப்பா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இனிமேல் சைக்கிள் கிடையாது, டியூஷன் கிடையாது, பன்னிரண்டாவது முடிந்ததும் மாப்பிள்ளை பார்த்துவிட வேண்டும் என்றார். பிறகு சூடம் காட்டினார்கள். எல்லாரும் தொட்டுக் கும்பிட்டார்கள்.

அடி வலித்தது ஒரு மணி நேரம் இருக்குமா? அந்த வீல்தான் இன்றுவரை எனக்குள் சுற்றுகிறது. அப்பா நல்லவர் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். நல்லவராக இருப்பதற்கு அவர் கொடுத்த விலை எல்லாம் என்னுடையதாக இருந்தது.

தீபாவளிக்கு முன்வீட்டிலிருந்து துணி மூட்டை வந்தது. ஒவ்வொரு வருடமும் வரும். பெரியம்மாவுக்கு ரவிக்கைகள், அவர்கள் சொந்தத்தில் யார் யாருக்கோ பாவாடைகள், அதோடு பெரியப்பாவின் ‘பட்டாபட்டி’க்கு நீலமும் வெள்ளையும் பட்டை போட்ட துணி. வேட்டிக்குள்ளே போடும் அந்த டிரவுசரைப் போட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பாதித் தொடை தெரிய அவர் டீக்கடை வரை போவார். வெயில் காலத்தில் வேட்டியே இல்லாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் கால் இரண்டாகத் தெரிவதை நாலு பேரும் கேட்டதில்லை, ஒரு ஆளும் கேட்டதில்லை.

அம்மா மூட்டையைப் பிரித்தாள். ரவிக்கைத் துணிகளை ஒதுக்கினாள். பட்டை போட்ட துணியை உதறித் தரையில் விரித்தாள். “அந்தப் பேப்பர எடுத்துட்டு வா” என்றாள்.

“எந்தப் பேப்பர்?”

“கிளிக்கு வெட்டுனேல்ல, அந்தப் பேப்பர்.”

எடுத்து வந்து கொடுத்தேன். அம்மா தாளை வைத்தாள், குண்டூசி குத்தினாள், கத்தரிக்கோலை எடுத்து ஒரே வீச்சாக வெட்டிக்கொண்டு போனாள். மூன்று பட்டாபட்டிக்கான துணி அது. மெஷின் ஓடிய சத்தம் முன்வீடு வரை கேட்டிருக்கும், தங்களுக்குத்தான் தைக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். பட்டைகள் இரண்டு காலிலும் நேர்கோடாகச் சேர்ந்து வந்தன. பைகள் ஆழமாக வைத்தாள். அன்றைக்கெல்லாம் அவள் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: “அன்னைக்கு அங்கயே கேட்டுருக்கணும், வாய் வரல.”

தீபாவளிக்கு முந்தின நாள் பெரியம்மா தைத்த துணிகளை வாங்க வந்தார். எண்ணிப் பார்த்துவிட்டு, “பட்டாபட்டி எங்கடி?” என்றார்.

“துணி பத்தலக்கா” என்றாள் அம்மா.

தீபாவளி அன்று காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்து, நீலப் பட்டை போட்ட பேண்ட்டில் நான் வெளியே வந்தேன். பெரியப்பா வாசலில் நாற்காலியில் இருந்தார், பழைய பட்டாபட்டியில். அவர் என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், துணி அடையாளம் தெரிந்ததும் அவர் முகம் மாறிய விதத்தை நான் இன்றும் ரசிக்கிறேன், அதில் எனக்கு வெட்கம் கிடையாது. எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்று, “மச்சான், இந்தத் தடவ கை வச்சீங்கன்னா நான் தெருவுல இறங்கிக் கத்துவேன்” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார். நான் சைக்கிளை எடுத்தேன்.

இதற்கான தண்டனை அப்பாவுக்குப் போனது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து அவரை நிறுத்திவிட்டார்கள். ஊரின் அந்தக் கோடியில், மாட்டுத்தாவணிப் பக்கம் பஸ் ரிப்பேர் பார்க்கும் இடத்தில் சேர்ந்து, இரண்டு பஸ் மாறிப் போய்வந்தார். “உங்க ரெண்டு பேராலதான்” என்று பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அந்தக் காம்பவுண்டை விட்டு வாடகை வீட்டுக்குப் போனோம். டியூஷன் நிற்கவில்லை. பன்னிரண்டாவது முடித்து, நாகமலை புதுக்கோட்டைக் கல்லூரிக்குப் பஸ் ஏறிப் போய்ப் பட்டமும் முதுகலையும் படித்தேன். அம்மா எனக்குத் தைத்த பேண்ட்டுகளில் தர்பூசணி போட்டது, குடை போட்டது, ரயில் போட்டது எல்லாம் உண்டு. அத்தனைக்கும் ஒரே தாள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டி, கடைசியில் டேப் மட்டும்தான் மிஞ்சியது.

இப்போது அந்த மாதிரி இணைப்பு தருகிற இதழ் எதுவும் என் கண்ணில் படவில்லை. விளக்குத்தூண் நடைபாதைத் துணிமலையும் இல்லை. பெண்கள் பேண்ட் போடுவதைத் தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. “அதெல்லாம் அந்தக் காலம்” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள், ஏதோ மழை பெய்து ஓய்ந்த மாதிரி. காலமா என்னை அடித்தது? காலத்துக்கு ஏது கை?

போன தை மாதம் செல்வம் அண்ணனின் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். பந்தி. எனக்கு எதிர்வரிசையில் பெரியப்பா, வயதாகித் தளர்ந்துபோய். அவருக்குப் பக்கத்தில் முட்டியில் கிழித்துவிட்ட ஜீன்ஸ் போட்டுக்கொண்டு அவருடைய பேத்தி. அவர் என்னைக் காட்டி அவளிடம் பெருமையாகச் சொன்னார்: “உங்க அத்தை அந்தக் காலத்துலயே பேண்ட் தச்சுப் போட்டவ. நம்ம வீட்டுப் பொண்ணுகள நாம எதுக்கும் தடுத்ததில்ல.”

“நீங்க என்னைய அடிச்சீங்க பெரியப்பா” என்றேன்.

“நானா? எப்பத்தா?”

நடிக்கவில்லை. உண்மையாகவே மறந்திருந்தார். இத்தனை வருடம் நான் சுமந்து திரிந்தது அவரிடம் ஒரு தூசியாகக்கூட இல்லை.

பேத்தி சாப்பிடுவதை நிறுத்தினாள். “எதுக்கு அத்தை அடிச்சாரு?”

என் பக்கத்தில் இருந்த அம்மா, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, “சொல்லு” என்றாள். “ஒண்ணு விடாம சொல்லு.”

பெரியப்பா எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் அவர் இலையில் பாயசத்தை ஊற்றிவிட்டார்கள். பந்தி நடுவில் எழுந்து போக முடியாது. நான் செயினில் பாவாடை சிக்கியதிலிருந்து ஆரம்பித்தேன்.