எடை சரியாக இருந்த பெட்டி

ரயிலில் லக்கேஜாகப் பதிவு செய்த பெட்டி சேதப்பட்டு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரியும். வாங்கிக்கொண்டு நடையைக் கட்டக் கூடாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மறுபடி எடை போடச் சொல்ல வேண்டும். குமாஸ்தா முன்னிலையில் திறந்து, உள்ளே இருப்பதை எழுதி வாங்க வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு அழுதால் எந்த ரயில்வேயும் கேட்காது. தாலுகா ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. யாரும் கேட்காமலே இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் தங்கை தலைப்பிரசவத்துக்குப் பட்டணத்திலிருந்து வந்தாள். அப்பாவும் நானும் சேலம் ஜங்ஷனில் காத்திருந்தோம். துணைக்கு வந்த அம்மாள் அதே வண்டியில் ஈரோட்டுக்குப் போய்விட்டார். தங்கையின் தகரப் பெட்டி, கார்டு இருக்கும் பிரேக் வண்டியில் வந்தது. கல்யாணத்தில் அப்பா கொடுத்த வெள்ளித் தட்டும் குடமும் விளக்கும் அதில் இருக்க வேண்டும். தொட்டில் போடும் நாளில் உறவுக்காரர்கள் முன்னால் வைப்பதற்காக அவற்றைக் கொண்டுவரும்படி அம்மா எழுதியிருந்தாள். கிணற்றை ஒட்டிய காட்டை விற்றுச் செய்தவை.

பெட்டியை இறக்கிய கூலி சொன்னார்: "பூட்டு தொங்குதுங்க சாமி. பாத்து வாங்கிக்கோங்க."

பூட்டு மாட்டும் தகடே பெயர்ந்திருந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது.

"பரவால்லீங்ண்ணா, ஊட்டுக்குப் போயிப் பாத்துக்கலாம்" என்றாள் தங்கை. முகம் வெளுத்திருந்தது. பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

"ஊட்டுக்குப் போனா ஒரு சல்லி கெடைக்காது. நீ அப்படி உக்காரு."

பார்சல் குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தாலுகா ஆபீஸுங்களா?"

"எப்படித் தெரிஞ்சது?"

"வேற யாரு சார் ரசீதைப் பின்பக்கமும் படிப்பாங்க?"

தராசில் ஏற்றினார்கள். ரசீதில் ஒரு மணங்கு பத்துச் சேர். தராசிலும் ஒரு மணங்கு பத்துச் சேர். "ஒரு சேர்கூடக் குறையலை சார், கையெழுத்துப் போடுங்க" என்றார். திறந்து காட்டினால்தான் போடுவேன் என்றேன். விதி என் பக்கம் இருந்தது.

மேலே ஒரு பழைய சேலை. அதற்குக் கீழே கயிற்றால் கட்டிய பழைய செய்தித்தாள் கட்டுகள். நடுவில், உடைந்த திருகையின் பாதிக் கல்.

அப்பா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "அடப் பாவிகளா, கல்ல வெச்சு அடச்சுட்டானுங்களே!"

நான் கத்தினேன். ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிடு என்றேன். கார்டின் பெயரைக் கேட்டேன். குமாஸ்தா நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"சார், திருடறவன் வெள்ளியை எடுத்துட்டு, எடை சேருக்குச் சேர் சரியா வர மாதிரி ஓடற வண்டியில கல்லு தேடிட்டு இருப்பானா? இந்தக் கல்லு லக்கேஜ் சீட்டு வாங்கிட்டுத்தான் வண்டி ஏறியிருக்கு."

நான் ரசீதைப் பார்த்தேன். தராசைப் பார்த்தேன். தங்கையைப் பார்த்தேன்.

"கல்லு நான் வெச்சதுங்ண்ணா" என்றாள்.

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அவரும் அத்தையும் நாத்தனார் கல்யாணத்துக்கு எடுத்துக் குடுத்துட்டாங்க. சேலையுந்தான். தட்டுல எம் பேரு வெட்டியிருந்துச்சில்ல, அதை அரத்தால ராவிட்டாங்க."

"பூட்டு?"

"ஆணியைத் தளத்தி உட்டேன், எறக்கறப்ப வந்துரும்னு. ரயில்ல திருடறவங்க கல்லை வெச்சுருவாங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

சொல்லியிருந்தேன். அவள் கல்யாணப் பந்தியில், நாலு பேர் கேட்க.

"ரயில்ல போச்சுன்னே எழுதுங்ண்ணா. அவங்களை ஒண்ணும் கேக்காதீங்க. நான் அங்கதான திரும்பிப் போகோணும்."

குமாஸ்தா வேறு மூட்டைகளிடம் போய்விட்டார். காகிதம் என் முன்னால் கிடந்தது. காணோம் என்று எழுதினால் கார்டு மேல் விசாரணை வரும். அந்த மனிதருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும். 'சரியாகப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஊர் எல்லையில்தான் அப்பா வாயைத் திறந்தார். "உங்கம்மாகிட்ட ரயில்ல போச்சுன்னு சொல்லு."

சொன்னேன். அதன் பிறகு வாராவாரம் அம்மா கேட்டாள்: "ரயில்காரன் பதில் போட்டானா சாமி?" நான், "விசாரணையில இருக்குதும்மா" என்பேன். போடாத மனுவுக்கு நடக்காத விசாரணை. ஊருக்கே சட்டம் சொன்னவன் தங்கச்சி பெட்டியைக் கோட்டை விட்டான் என்று சிரித்தார்கள்.

ஆண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை பார்க்க வந்தார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா பெட்டிக் கதையை ஆரம்பித்தாள். நானும் அப்பாவும் எங்கள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அட கொடுமையே!" என்றார் மாப்பிள்ளை. "இந்தக் காலத்துல யாரைத்தான் நம்பறதுங்க, அத்தை?" பிறகு என் பக்கம் திரும்பினார். "மச்சான், நஷ்டஈட்டுக்கு எழுதுனீங்களா? உட்டுராதீங்க."

பின்னால் முப்பது வருஷ உத்தியோகத்தில் பொய்ப் பத்திரம் எழுதியவர்களைப் பார்த்தேன், செத்தவர் கைநாட்டை வாங்கி வந்தவர்களைப் பார்த்தேன். யாரும் இவ்வளவு கூசாமல் பேசியதில்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன்:

"எழுதியிருக்கறனுங்க. எடை சரியா இருந்துதாம். கல்லு பட்டணத்துலயே ஏறிருச்சுன்னு சொல்றாங்க."

அவர் கை இலையில் நின்றது.

"அதெப்படி சாமி?" என்றாள் அம்மா.

"மாப்பிள்ளைக்கு மோர் ஊத்து" என்றார் அப்பா.

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் மாப்பிள்ளை அழைத்துப் போக வந்தார். அம்மா அதே பெட்டிக்குப் புதுத் தகடு அடித்துத் துடைத்து வைத்திருந்தாள். தங்கை குழந்தையின் துணிகளை ஒரு பையில் திணித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பொட்டி வேண்டாம்மா."

"ஏஞ் சாமி, திருடனுக்கு அத்தன பயமா?"

தங்கை புருஷனைப் பார்த்தாள். "ஆமாம்மா" என்றாள்.